தாமிரபரணிப் படுகை: வெள்ளமும் குடிநீரும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் முன்கூட்டியே இடம் விட்டு வைத்திருந்தால் 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தடுத்திருக்கலாம் அல்லவா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஓரளவு தணித்திருக்கலாம், தடுத்திருக்க முடியாது. பாபநாசத்தின் கொள்ளளவு சுமார் 5,500 மில்லியன் கன அடி, மணிமுத்தாற்றினுடையதும் ஏறத்தாழ அதே அளவு. சேர்வலாறு அணையையும் கூட்டினால் மூன்றும் சேர்ந்து 12 டி.எம்.சி.யைச் (ஒரு டி.எம்.சி. என்பது 1,000 மில்லியன் கன அடி) சற்றே தாண்டும். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையோ அணைகளுக்கு மேலே மட்டும் பெய்யவில்லை. அவற்றுக்கு வெகு கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான மழை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்த அளவு மழை நூறு சதுர கிலோமீட்டரில் பெய்ததாகக் கணக்கிட்டால், அதுவே 3,300 மில்லியன் கன அடியைத் தாண்டும். அதாவது, பாபநாசம் அணையின் பாதிக்கும் மேல். அந்த நீர் எந்த அணையின் மதகுக்கும் கட்டுப்பட்டதன்று. குற்றாலத்துப் பக்கமிருந்து வந்து சீவலப்பேரியில் சேரும் சிற்றாற்றின் குறுக்கேயும் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டிசம்பரில் அணையில் நிற்கும் நீர்தான் பிசானம் என்னும் வடகிழக்குப் பருவ நெற்பயிரைக் கரை சேர்ப்பது. கோடையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் குடிநீர் தருவதும் அதுவே. வானிலை அறிவிப்பை நம்பி அணையைக் காலி செய்து, மழை பொய்த்துப் போனால், அடுத்த ஜூனில் சாரல் தொடங்கும் வரை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அணையைத் திறந்துவிட்ட பொறியாளர்தான். ஆயினும், நவம்பர் இறுதி வரை அணை மட்டத்தை ஓரிரு அடி குறைத்து வைத்துப் படிப்படியாக நிரப்பும் முறையை எழுத்து வடிவ விதியாகவே ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய் இனி வெள்ளத்தைத் திருப்பிவிடும் என்கிறார்களே? (திசையன்விளை வாசகர்)

பதில்: அதன் பெயரே வெள்ளநீர்க் கால்வாய் என்பதால் எழும் மயக்கம் இது. தாமிரபரணியில் நீர் எடுக்கும் கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளங்குளியில் பிரிந்து, சுமார் 75 கிலோமீட்டர் ஓடி, சாத்தான்குளம் வட்டத்து எம்.எல்.தேரியில் முடியும் இக்கால்வாய், நொடிக்கு 3,200 கன அடி கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஆற்றில் ஒரு லட்சம் கன அடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், கால்வாய் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு மூன்று பங்குதான். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் கால்வாயின் நோக்கம் அதுவன்று. முழு அளவில் ஒரு நாள் ஓடினால் 276 மில்லியன் கன அடி போகும். பத்து நாள் ஓடினால் திட்டம் குறிவைத்த 2,765 மில்லியன் கன அடி வறண்ட நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பகுதிகளின் குளங்களுக்குச் சென்று சேரும். தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் நீர் இறங்கினால் கிணறுகள் ஊறும், கடலோரத்தில் உப்பு ஏறுவதும் மட்டுப்படும். ஆகவே அதை வெள்ளத் தடுப்புப் பணியாகக் கொள்ளாமல் நீர் வழங்கும் பணியாகவே கொண்டு மதிப்பிடுவது நியாயம். 2009-இல் தொடங்கிய பணி இத்தனை ஆண்டுகள் இழுத்தது வேறு கதை.

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரினால் வெள்ளம் குறையுமா? (ஏரல் வாசகர்)

பதில்: குறையாது, ஆனாலும் தூர்வார வேண்டும். தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கும் எட்டு அணைக்கட்டுகளில் இதுவே கடைசி. ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. அணைக்கட்டு என்பது நீர்த்தேக்கமன்று. ஆற்று நீரின் மட்டத்தை உயர்த்தி வடகால், தென்கால் என்னும் இரு பாசனக் கால்வாய்களிலும் ஏற்றிவிடும் குறுக்குச் சுவர். பெருவெள்ளம் அதன் தலைக்கு மேலே போய்விடும். சுவருக்கு மேற்புறம் மண் படிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளத்துக்கு ஒன்றுதான். மண் நிரம்பியதால் வரும் கேடு மற்றக் காலத்தில் தெரியும்: பிடித்து வைக்க இடமின்றி, மழை நின்ற சில நாளிலேயே கால்வாய்களுக்குத் தண்ணீர் தட்டுப்படும். இரு கால்வாய்களையும் நம்பி சுமார் 25,000 ஏக்கர் இருக்கிறது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தூர்வார உத்தரவிட்ட பிறகு நடந்த பணியில், மண்ணை எடுப்பதில் இருந்த ஊக்கம் அளவைப் பதிவு செய்வதில் இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: ஊரெல்லாம் தண்ணீராக நின்றபோது குழாயில் மட்டும் வரவில்லையே, ஏன்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெரும்பாலும் ஆற்றுப்படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. ஆற்றுமணலே அங்கு வடிகட்டி. வெள்ளம் வரும்போது கிணற்று மேடை, மின்மோட்டார், கரைக்குச் செல்லும் குழாய் ஆகிய மூன்றும் ஒன்றாகவே அடிபடுகின்றன. மின்மாற்றியும் தாழ்வான இடத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். மோட்டார் மேடையைப் பழைய வெள்ளக் குறிக்கு மேலே உயர்த்துவதும், ஒரு திட்டத்தின் குழாயை அடுத்த திட்டத்தோடு வால்வு வைத்து இணைப்பதும் ஓர் அணை கட்டும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. மணல் அள்ளிய இடங்களில் உறைகள் வெளியே தெரிய நிற்பதையும் பார்க்கலாம். அங்கே வடிகட்டியே போய்விட்டது.

கேள்வி: எங்கள் குளத்தை ஆழப்படுத்தினால் போதுமா? (கருங்குளம் வாசகர்)

பதில்: போதாது. ஒரு குளத்தின் மறுகால்தான் (நிரம்பிய நீர் வழிந்தோடும் வழி) அடுத்த குளத்தின் வரத்து என்பதால், மேலே ஒரு கரை உடைந்தால் கீழுள்ளவை வரிசையாக உடைகின்றன. முதலில் மறுகால் ஓடையின் அகலத்தை வருவாய்த்துறை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, ஆக்கிரமிப்பையும் சீமைக்கருவேலத்தையும் அகற்றுங்கள். அடுத்து கரையின் உயரத்தையும், வயலுக்கு நீர் விடும் மடையையும் பாருங்கள். வண்டல் எடுப்பதை இவற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். எடுத்தாலும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது. மாடு குளிக்கவும் நிலத்தடியில் ஊறவும் உதவும்.