எத்தனை விசில்?

"அக்கா, அட்லாண்டாவுக்கு வேலைக்கு வந்து ஆறு மாசமாச்சு. கூட வேலை பாக்கறவர் வீட்டுல காலார்ட் கீரையில ஹாம் ஹாக், அதான் உப்பு ஏத்தின பன்றிக் கணுக்கால், போட்டு குடுத்தாங்க, பிரமாதம். நான் குக்கர்ல செஞ்சா ரப்பரா இருக்கு, உப்பு வேற கரிக்குது. எத்தனை விசில் விடணும்? கொழுப்பு ஜாஸ்தியாமே? முதலாளிங்க வீசின கழிவை அடிமைங்க பொறுக்கித் தின்னது எப்படிக்கா கறுப்பின மக்கள் பெருமையா சொல்ற ‘சோல் ஃபுட்’ ஆச்சு?"

தம்பி,

கொழுப்ப டாக்டர்கிட்ட கேளு. உன் கடைசி வரிக்காகத்தான் எழுதறேன், ரெண்டு நாளா மனசுல அறுத்துகிட்டே இருக்கு. உனக்கு சோறு போட்டவங்க முகத்தப் பாத்து இந்த வார்த்தைய சொல்லியிருப்பியா?

வீசினாங்க பொறுக்கினாங்கன்னு எல்லாரும் சொல்ற கதை பாதிதான் உண்மை. அடிமையா இருந்து தப்பிச்ச ஃபிரெடரிக் டக்ளஸ் 1845ல எழுதின சுயசரிதையில கணக்கே குடுக்கறார், மேரிலாந்து தோட்டத்துல ஆளுக்கு மாசம் 8 பவுண்டு பன்றிக்கறி, இல்லேன்னா அதுக்கு ஈடா மீன், கூட ஒரு புஷல், அதாவது 35 லிட்டர் அளவு, சோளமாவு. 8 பவுண்டுன்னா மூணரை கிலோ சொச்சம், பொழுது பூரா வயல்ல முறியற உடம்புக்கு ஒரு மாசத்துக்கு! அளந்துதான் குடுத்தாங்க, பத்தாம குடுத்தாங்க. அந்தத் துண்டுக் கறிய கீரையிலயும் பயறுலயும் போட்டு சட்டி முழுக்க ருசி ஏத்தினது அடிமையா இருந்த பொம்பளைங்க கை, முதலாளி வீட்டு விருந்த சமைச்சதும் அவங்க ஆளுங்க கைதான். கழிவுன்னு சொல்லும்போது அந்தக் கையத்தான் நீ இல்லாம ஆக்கற. இனிமே சொல்லாத.

நான் சிகாகோவுல இருந்தப்ப எதிர்வீட்டுல ஒரு பாட்டி, சின்னப் பொண்ணா மிசிசிப்பியிலேர்ந்து ரயிலேறி வந்தவங்க, 1910லேர்ந்து 1970 வரைக்கும் அமெரிக்காவோட தெற்க விட்டுக் கிளம்பின 60 லட்சம் கறுப்பின மக்கள்ல ஒருத்தர். கிறிஸ்துமஸ் நெருங்கினா 10 பவுண்டு வாளியில சிட்லின்ஸ் வாங்குவாங்க, பன்றிக்குடல். ஒவ்வொரு முழமா பிரிச்சு, ஒட்டியிருக்கிற சவ்வையும் கொழுப்பையும் நகத்தால உரிச்சு, தண்ணி தெளியற வரைக்கும் அலசிகிட்டே இருப்பாங்க, விரல் நுனியெல்லாம் வெளுத்து சுருங்கிடும். சுத்தம் பண்ணி வெந்து எறக்கினா பாதிதான் மிஞ்சும். பேரனை அந்தப் பக்கமே விடமாட்டாங்க, அதுவும் சரிதான், உன் ஊர்லயே 1988 கடைசியில வீட்டுல இத சுத்தம் பண்ணப்போய் 15 குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு வரவைக்கிற யெர்சினியா கிருமி தொத்தியிருக்கு. என்னிக்காவது வாங்கினா கைய சோப்பு போட்டுக் கழுவு.

விசில் கேட்டே இல்ல. குக்கர்லயும் வேகும், நீ அவசரப்பட்டு எறக்கிட்டே. அது ஓடி நடந்த கால், முழுக்க தோலும் ஜவ்வும், அந்த ஜவ்வு உருகி ஜெலட்டினா மாறணும், சாதாரண சட்டியில தண்ணி விட்டு சிம்முல மூணு மணி நேரமாவது விடு, அப்புறம் கீரையப் போடு. ஹாக்லயே உப்பு ஏறியிருக்கு, நீ தனியா போடாத. மிஞ்சற தண்ணிக்கு பாட் லிக்கர்னு பேரு, அத சிங்க்ல ஊத்தினேன்னு தெரிஞ்சா உன்கூட பேசமாட்டேன், கார்ன்பிரெட்ட முக்கி சாப்பிடு.

எங்கப்பா செத்த சேதி வந்து, லீவு கிடைக்காம ஊருக்குப் போக முடியாம நான் கிடந்த வாரம் அந்தப் பாட்டி பன்றிக் கழுத்தெலும்ப மத்தியானம் பூரா வேகவெச்சு சட்டியோட தூக்கிட்டு வந்தாங்க, ஒரு வார்த்தை பேசல, நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்தாங்க, எலும்ப உதறினா கறி தானா கழண்டு சோத்துல விழுந்துச்சு. சட்டிய வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு மறுநாள் ரசம் வெச்சு அதுல ஊத்திக் கொண்டுபோனேன். வாசல்ல நின்னபடியே குடிச்சுட்டு, மிளகு எவ்வளவு போட்டேன்னு கேட்டாங்க.