அம்மா ஊரை விட்டு வர மறுக்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். போன மாதம் ராத்திரி கொல்லைக் கழிப்பறைக்குப் போனபோது விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. “என்னோடு வந்துவிடும்மா” என்றால் மறுக்கிறார். வீட்டையும் நிலத்தையும் எழுதிக் கொடுத்தால் பார்த்துக்கொள்வதாகத் தம்பி சொல்கிறான். என்ன செய்வது?
- ஒரு மகள், சென்னை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அம்மாவை வற்புறுத்தி அழைத்து வராதீர்கள். ஊரில் தெருவோடு போகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நடவு எந்த மட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. சென்னையில் நீங்கள் வேலைக்குப் போன பிறகு சாயங்காலம் வரை அவர் யாரோடு பேசுவார்?

முதலில் கழிப்பறையைச் சரிசெய்யுங்கள். வீட்டை ஒட்டியே புதிதாக ஒன்று கட்டி, உட்கார்ந்து எழ வசதியாக வெஸ்டர்ன் டாய்லெட் வையுங்கள். தரை சொரசொரப்பாக இருக்கட்டும். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், கட்டிலிலிருந்து அதுவரை ராத்திரி முழுக்க வெளிச்சமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லை சேறாகிவிடும், கரண்டும் போகும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன! சார்ஜ் விளக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், அன்றைக்கு வழுக்கியதா, தலை சுற்றியதா என்று கேளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அரசு மருத்துவமனையில் அதற்கு அறுவை சிகிச்சை இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும், தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. கிராம செவிலியரிடம் சொல்லிவையுங்கள்.

அக்கம்பக்கத்தில் “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தால் போதாது. ராத்திரி துணைக்குப் படுக்க ஒரு ஆளை அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்.

பெற்றவளைப் பார்த்துக்கொள்ளப் பத்திரம் கேட்கும் தம்பியின் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவே விரும்பி எழுதிக் கொடுப்பதானாலும், தன்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அவன் சொன்ன சொல் தவறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவைக் காட்டி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டால் பிறகு சிக்கல்தான். முதியோர் உதவி எண் 14567-இலும் வழி கேட்கலாம்.

தம்பியை ஒதுக்கிவிடாதீர்கள். கழிப்பறைச் செலவில் பாதியை அவன் ஏற்கட்டும். அவனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், மழைக்கு முன்பே கொத்தனாரிடம் பேசி வேலையை முடித்துவிடுங்கள்.