உளுந்து வேரில் உருண்டை: பர்மா வாசகர் கேள்விகள்

பெகு: நெல் அறுத்த வயலில் உளுந்து விதைத்தேன். ஒரு மாதச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் சிறு சிறு உருண்டை. மருந்து அடிக்கலாமா?

அடித்துவிடாதீர்கள்! ஓர் உருண்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா மும்முரமாக வேலை செய்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை அப்படியே எடுக்க முடியாது. ரைசோபியம் வகை பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கிக் கொடுத்துவிட்டு, கூலியாகச் செடியிடம் சர்க்கரைச் சத்தை வாங்கிக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள், ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. நீங்கள் பார்க்கும் நிறம் அதுதான். காய் முற்றும் நேரத்தில் உள்ளே பச்சையானால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

வேரைத் தாக்கும் நூற்புழுவின் முடிச்சு வேறு. அதில் வேரே வீங்கியிருக்கும், தேய்த்தாலும் உதிராது. நல்ல உருண்டை விரல் பட்டாலே கழன்று வரும்.

அப்புறம், அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காதீர்கள், அரிவாளால் அறுங்கள். சேர்ந்த நைட்ரஜனில் பெரும்பங்கு மட்பே (உளுந்து) மூட்டையோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிடுகிறது. வேரும் சருகுமாவது நம் வயலில் கிடக்கட்டும்.

தட்டோன்: உளுந்துக்கு யூரியாவும் நிறையப் போட்டால்?

வீண் செலவு. மண்ணிலேயே நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால், செடி கூலி கொடுத்து ஆள் வைக்காது. உருண்டை குறைந்துபோகும்.

மோல்மேன்: நெல்லுக்கு யூரியா போட்டும் பயிர் சீக்கிரமே வெளுக்கிறது. மூட்டையில் கலப்படமா?

மூட்டையைச் சந்தேகப்படும் முன் தண்ணீரைப் பாருங்கள். வயல் காய்ந்தால், நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும். மறுபடி தண்ணீர் கட்டியதும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். காசு கொடுத்து வாங்கியது காற்றோடு போயிற்று! காயவிட்டு, நனைத்து, மறுபடி காயவிடுவதைக் குறையுங்கள். யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

ரங்கூன்: மீன் தொட்டியைப் பளபளவென்று கழுவி வைத்தேன். நாலே நாளில் மீன்கள் செத்தன.

ஃபில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள். என் முதல் தொட்டிக்கு நானும் இதையேதான் செய்தேன். மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அந்த அழுக்குப் பஞ்சில்தான். இனிமேல் தொட்டியில் மொண்ட தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வையுங்கள். புதிதாகத் தொடங்கினால் அவை ஊன்ற நாலைந்து வாரம் ஆகும்; அதுவரை ஓரிரண்டு மீன் போதும்.