வாசகர் கேள்வி – பதில்: பெல்ட் எரிந்தால் கிளட்ச்சை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) 600 சிசி டூ-ஸ்ட்ரோக், 9,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு பெல்ட் போய்விட்டன. கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. உசத்தியான கிளட்ச் கிட் (வெயிட், ஸ்பிரிங் போன்ற கிளட்ச் பாகங்களின் தொகுப்பு) போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், சட்பரி, கனடா

பதில்: இப்போதைக்குப் பணத்தைப் பையிலேயே வையுங்கள். 9,000 கி.மீ. ஓடிய கிளட்ச் முதலில் கேட்பது சர்வீஸ்.

எரிந்த பெல்ட்டை எறிந்துவிடவில்லையே? அதுதான் சாட்சி. ஒரே இடத்தில் குழிந்து கருகியிருந்தால் கிளட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். டிராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை) பனியில் உறைந்து ஒட்டியிருந்தபோது த்ராட்டில் கொடுத்திருக்கிறீர்கள். இனி வண்டியின் பின்புறத்தைத் தூக்கி உலுக்கிவிட்டுக் கிளப்புங்கள். சுற்றிலும் கண்ணாடிபோல மினுங்கினால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் பிய்ந்திருந்தால் பெல்ட் இணைக்கும் இரண்டு கிளட்ச்சும் (இன்ஜின் பக்கம் முன் கிளட்ச், டிராக் பக்கம் பின் கிளட்ச்) நேர்கோட்டில் இல்லை. இன்ஜின் மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டி இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முன் கிளட்ச்சுக்குள்ளே இருக்கும்: ஒரு பக்கம் தட்டையாகிப்போன ரோலர், ஆட்டம் கண்ட வெயிட் ஆணி (வெயிட் என்பது சுழலும்போது விரிந்து கிளட்ச்சை மூடும் எடை), தேய்ந்த புஷ். கழற்றப் புல்லர் என்ற கருவி வேண்டும், சுத்தியல் கூடவே கூடாது. உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால் அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். பெல்ட் உரசும் முகங்களை அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். அங்கே ஒரு சொட்டு கிரீஸ் பட்டாலும் அடுத்த பெல்ட்டும் போச்சு.

புதுப் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். முதல் 50 கி.மீ. முழு த்ராட்டில் வேண்டாம்.

அதன்பின் சோதனை. சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, இறுகிய பனியில் முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். பாருங்கள். கையேடு சொல்லும் உச்சத்திறன் ஆர்.பி.எம்.மிலிருந்து 100-க்குள் நின்றால், எந்தக் கிட்டும் கூடுதல் வேகம் தரப்போவதில்லை. குறைந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் வால்வில் கரி அடைத்தாலும் இதே கதைதான், அதையும் பாருங்கள். தாண்டிப் போனால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது யாரோ லேசான வெயிட் போட்டிருக்கிறார்கள்.

இன்ஜினை மாற்றியமைத்தாலோ, நீளமான டிராக் போட்டாலோ கிட் பற்றி யோசிக்கலாம். அப்போதும் வெயிட், ஸ்பிரிங், ஹீலிக்ஸ் (பின் கிளட்ச்சின் சரிவுத் துண்டு) மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: அதே வண்டியை மேற்குக் கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைக்குக் கொண்டுபோனால்?

பதில்: அங்கே மாற்றத்தான் வேண்டும். ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் சுமார் 3% திறனை இழக்கும். 2,000 மீட்டரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சட்பரி வெயிட்டுகள் ஆர்.பி.எம்.மைக் கீழே இழுத்துவிடும். உயரத்துக்கேற்ற லேசான வெயிட்டைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். திரும்பி வந்ததும் பழையதை மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் அளவு மீறிச் சுழலும். ஸ்கி-டூ பிராண்டு வண்டிகளின் டி.ஆர்.ஏ. வகைக் கிளட்ச் என்றால் சிறு மாற்றத்துக்கு 1 முதல் 6 வரை எண்ணிட்ட திருகுகளே போதும். ஓர் எண்ணுக்குச் சுமார் 200 ஆர்.பி.எம். மூன்று திருகும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும், ஒன்று பிசகினாலும் கிளட்ச் அதிரும்.