அமெரிக்க அலுவலகத்தில் விசுவாசத்துக்கு என்ன மதிப்பு?

"இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுக்கிறேன், மேனேஜரும் சிரித்துத்தான் பேசுகிறார், ஆனால் புரமோஷன் வேறொருவருக்குப் போய்விட்டது. இங்கே விசுவாசத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

மொன்டானா தவிர எல்லா மாநிலங்களிலும் வேலை பொதுவாக 'அட்-வில்' கணக்குதான். காரணம் சொல்லாமல் இன்றைக்கே உங்களை அனுப்பலாம். நீங்களும் இன்றைக்கே கிளம்பலாம். இனம், மதம், வயது பார்த்து நீக்குவது போன்ற சிலவற்றுக்குத்தான் சட்டத்தில் தடை. இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டு விலகுவதுகூட வழக்கமே தவிர சட்டமல்ல. மேனேஜரின் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் ஆட்குறைப்புப் பட்டியலில் உங்கள் பெயர் வருவதை அது தடுக்காது.

புரமோஷன் பெரும்பாலும் உங்கள் மேனேஜர் ஒருவர் கையில் இல்லை. பல மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து ஆளுக்கு ஆள் ஒப்பிடும் கூட்டத்தில்தான் அது முடிவாகும். அங்கே உங்களுக்காக வாதாட அவருக்குச் சரக்கு வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். வாரா வாரம் மேனேஜரோடு தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன்னுக்கு முன் நாலு வரி மெயில் போதும்: எது முடிந்தது, அதனால் யாருக்கு எவ்வளவு நேரமோ பணமோ மிச்சம், எங்கே தடங்கல், அடுத்து என்ன. தற்பெருமை என்று கூச்சப்படாதீர்கள். இங்கே அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எட்டு மணி வரை இருப்பதோ பல இடங்களில் உங்களுக்கு எதிராகவே போகும், வேலையைக் கணக்கிடத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். "வெள்ளிக்கிழமைக்குள் முடியாது, அடுத்த புதன்கிழமை தருகிறேன்" என்று முதல் நாளே சொல்வது மரியாதைக் குறைவல்ல. தலையாட்டிவிட்டுத் தாமதிப்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

கண்டிப்பும் இங்கே இனிப்புக்குள்தான் வரும். இரண்டு பாராட்டுக்கு நடுவே "இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்" என்று வந்தால் அது யோசனை அல்ல, உத்தரவு. அதையே இரண்டாம் முறை சொன்னால் எச்சரிக்கை எழுத்தில் வரப்போகிறது என்று பொருள். 'பிப்' என்ற காகிதம், அதாவது குறித்த கெடுவுக்குள் வேலையில் மேம்பட வேண்டும் என்ற எழுத்துத் திட்டம், கைக்கு வந்தால், மேம்பட முயலும்போதே வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள்.

நீங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பதால் இன்னொன்று. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் இங்கே இருக்கலாம். நீங்கள் தங்க அனுமதித்த தேதியைக் காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன் முடிந்தால் அந்தத் தேதி வரைதான். நீக்கும்போது நிறுவனம் தரும் சீவரன்ஸ் பணம் வந்தாலும் இந்தக் கெடு நீளாது. அதற்குள் புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்ய வேண்டும், அல்லது விசா நிலையை மாற்ற நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடும் நாள், வக்கீல் எடுக்கும் நாள் எல்லாம் இந்த 60-இல்தான் அடங்கணும் என்பதால் முதல் வாரத்தையே வீணாக்கக் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் மருத்துவக் காப்பீட்டை கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கும் உங்கள் தலையில் விழும், குடும்பத்துக்கு அது பெரிய தொகை. விசா காலம் முடியும் முன் அவர்களே நீக்கினால், ஊர் திரும்பும் உங்கள் பயணச் செலவை அவர்கள் ஏற்க வேண்டும். குடும்பத்தின் டிக்கெட் அதில் சேராது.

நீக்கும் அன்றைக்கே லேப்டாப் பூட்டப்படலாம். ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்), ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிக் கணக்கு) இவற்றின் பிரதிகளை இப்போதே வீட்டில் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் மென்பொருள் கோடு, ஆவணங்களைத் தொடவே வேண்டாம்.