வேலியைப் பிடுங்கியவர் மீது எந்த வழக்கு?

கேள்வி: எங்கள் வளவின் கதியால் வேலியைப் பக்கத்து வளவுக்காரர் சென்ற மாதம் பிடுங்கி, மூன்று அடி உள்ளே தள்ளி நட்டுவிட்டார். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எங்களிடம் இருக்கிறது. பொலிசில் முறைப்பாடு செய்தால், "இது காணிப் பிரச்சினை, சிவில் வழக்குப் போடுங்கள்" என்கிறார்கள். வேலியைப் பிடுங்குவது குற்றமில்லையா?
- வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: குற்றமாகலாம். ஆனால் உங்கள் முறைப்பாட்டில் இரண்டு விடயங்கள் கதியாலும் கொடியும் போலப் பின்னிக் கிடக்கின்றன.

வேண்டுமென்றே உங்கள் வேலியைச் சேதப்படுத்தினார் என்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும். அந்த வழக்கைப் பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுப்பார்கள். அங்கே நீங்கள் சாட்சி மட்டுமே. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டுமென்பதால், "என் காணியென்று நம்பித்தான் பிடுங்கினேன்" என்று அவர் சொல்வது நம்பத்தக்கதாக இருந்தால் வழக்குத் தளர்ந்துவிடும். அவருக்குத் தண்டனை கிடைத்தாலும்கூட எல்லை எதுவென்பது தீராது. அதைத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே வழக்காளியாக நின்று தொடுக்கும் குடியியல் வழக்கு. நில அளவையாளரின் வரைபடமும் உறுதியும் அங்கேதான் பேசும், யார் பக்கம் உண்மை அதிகம் இருக்கக்கூடும் என்று காட்டினால் போதும்.

பொலிசார் உங்களிடம் சொல்லாமல் விட்டது இன்னொன்று. காணித் தகராறு கைகலப்பில் முடியக்கூடும் என்று தோன்றினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் அவர்கள் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம். சத்தியக்கடதாசியுடன் (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலத்துடன்) நீங்களே போகவும் வழியுண்டு. வெட்டுக்குத்து வரை போய்விட்ட வேலிச் சண்டைகளை நம் ஊர்கள் கண்டிருப்பதால், இந்தப் பிரிவை நான் சிறிதாக எண்ணுவதில்லை. இங்கே உறுதியை ஆராய்ந்து உரிமையைத் தீர்மானிக்க மாட்டார்கள். காணி யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்துக்கு வந்தால், காணியின் உடைமையை, அதாவது கைவசத்தை, மீள ஒப்படைக்கும்படி கட்டளையிடலாம். உரிமை வழக்கு முடியும்வரைதான் அந்தக் கட்டளை நிற்கும். அந்த இரண்டு மாதம் தவறினாலும், உடைமையை மீட்கும் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வருடத்துக்குள் தொடுக்கலாம்.

உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. முறைப்பாட்டின் பிரதியை எடுத்து, வேலி பிடுங்கப்பட்ட திகதி அதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.