வெயில் பட்டால் டிராகுலா சாவது எங்கிருந்து வந்தது?

கேள்வி: பழைய பேய்ப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்கள் (வெயில் பட்டால் டிராகுலா சாவது, நிலா வந்தால் மனிதன் ஓநாயாவது போன்றவை) உண்மையிலேயே பழங்கால நம்பிக்கைகளா?

பாதிக்கு மேற்பட்டவை அப்படி இல்லை. சினிமா தன் தேவைக்காகச் செய்துகொண்டவை அவை.

எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே எங்கள் அப்பாயியால்தான். திருவிடைமருதூர் பக்கம் எங்கள் கிராமம். எண்பதுகளில் திருவிழா முடிந்தால் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். ஒருமுறை கடைசிப் படம் இங்கிலீஷ் பேய்ப் படம். சன்னல் திரையைக் கிழித்ததும் வெயில் பட்டு டிராகுலா சாம்பலாகிப் போனான். நாங்கள் பயந்து உட்கார்ந்திருக்க, அப்பாயி சொன்னாள்: "வெயிலுக்குச் சாவுறது என்ன பேய்டா? நம்மூர்ல உச்சி வெயில்லதானே அது அலையும்!" நண்பகலில் புளியமரத்தடிக்கு எங்களை விடாதவள் அவள்.

பல வருஷம் கழித்து, பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலைப் படித்தபோது அப்பாயி பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அதில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். அவனைக் கொல்வது இரண்டு கத்திகள், அதில் ஒன்று நம் கூர்க்காக்களின் குக்ரி! வெயிலைக் கொண்டுவந்தது 1922இல் முர்னாவ் ஜெர்மனியில் எடுத்த மௌனப் படமான 'நோஸ்ஃபெராட்டு'. சேவல் கூவுகிறது, சன்னலில் காலை வெளிச்சம் விழுகிறது, அவன் புகையாய்க் கரைகிறான். மௌனப் படத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. வசனமே வேண்டாம், பார்த்தாலே புரிந்துவிடும். நாவலுக்கு அனுமதி வாங்காமல் எடுத்த படம் என்பதால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பும் வந்தது. ஆனால் சில பிரதிகள் தப்பிவிட்டன. அந்தப் படம் செய்த முடிவுதான் பின்னால் வந்த பல படங்களுக்கு விதியாகிவிட்டது.

ஓநாய் மனிதன் கதை எனக்கு இன்னும் மனதைத் தைப்பது. 1941இல் வந்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில், நல்லவனும் ஓநாயாவான் என்று ஒரு நாலு வரிப் பாட்டு வரும். ஏதோ ஐரோப்பியக் கிராமத்து நாட்டுப்பாடல் என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் அது திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக்கின் கற்பனை. முதல் படத்தில் அந்தப் பாட்டில் வருவது இலையுதிர் கால நிலா. 1943இல் வந்த அடுத்த படத்தில்தான் அந்த வரி முழு நிலா என்று மாறியது. இன்னொன்றும் வைத்தார் அவர்: அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஓநாய் மனிதனுக்கு ஒரு நட்சத்திரம் தெரியும். சியோட்மாக் ஒரு யூதர். பின்னாளில் யூதர்களை நட்சத்திர அடையாளம் அணியவைத்த அந்த நாஜிகள் வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓடியவர். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் வெறும் பேய்ப்படக் காட்சியாகப் பார்க்க முடியவில்லை.

விஞ்ஞானியின் கூன் விழுந்த உதவியாளும் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் கிடையாது. 1823இல் போட்ட மேடை நாடகத்தில் ஒரு வேலைக்காரனாக நுழைந்து, 1931 படத்தில் கூன் போட்டுக்கொண்டான்.

அப்புறம், திடீரென்று தூக்கிப்போடும் சத்தம். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், அதுவும் நின்றுபோகிறது. கருஞ்சிறுத்தைதான் பாய்கிறது என்று நாம் நினைக்கும் நொடியில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். கையில் காசு குறைவு, அதனால் மிருகத்தை அதிகம் காட்டாமல் சத்தத்தாலேயே பயமுறுத்தினார்கள். இருட்டில் வாய்க்கால் கரையோரம் நடந்து வந்து, கடைசி டவுன் பஸ்ஸின் பிரேக் சத்தத்தில் உயிர் போய்த் திரும்பியவர்களுக்கு இது புரியும்.

சரி, உண்மையிலேயே பழசு எது? வாசற்படிதான். வீட்டார் யாராவது கூப்பிட்டால்தான் டிராகுலா முதல்முறை ஒரு வீட்டுக்குள் வர முடியும் என்று நாவலிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1816இல் அச்சான கோல்ரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' கவிதையில் ஒரு மர்மப் பெண் வாசலில் சுருண்டு விழ, வீட்டுக்காரப் பெண்தான் தூக்கி உள்ளே கொண்டுபோகிறாள்.

எங்களுக்கு இதைச் சொல்லித்தர எந்தப் படமும் தேவைப்படவில்லை. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் தலபுராணம் அப்படி. குதிரைக் காலில் ஓர் அந்தணர் மிதிபட்டு இறந்ததால் வரகுணபாண்டியனைப் பிரம்மஹத்தி பிடித்துக்கொள்கிறது. அவன் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போகிறான். பிரம்மஹத்தியால் உள்ளே நுழைய முடியவில்லை, வாசலிலேயே காத்திருக்கிறது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிடுகிறான். கிழக்கு வாசலில் அதன் சிலையை இன்றும் பார்க்கலாம். வந்த வழியே திரும்பக் கூடாது என்பதையும் மக்கள் இன்றுவரை கடைப்பிடிக்கிறார்கள்.

போன தை மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பை முதலிலேயே மேற்கு வாசல் பக்கம் விட்டுவிட்டு, மதிலைச் சுற்றிக் கிழக்கே வந்து நுழைந்தோம். தரிசனம் முடித்து மேற்கே வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டான்: "அது இன்னும் அங்கேயே நிக்குதாப்பா?"

"நிக்குதுப்பா" என்றேன்.